தேடி வருபவரிடம் பேசக் கூடாது

மஸ்கட்
9.1.2025

மரியாதைக்குரிய வாப்பாவுக்கு மகள் நஸீஹா ஸலாம் சொல்லி எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். லாமியாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. உங்கள் கால் வீக்கம் வற்றியதா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். போனில் பேசினால் உங்கள் காதுக்கு எட்டுவதில்லை என்பதால்தான் கடிதம். ஜெராக்ஸ் கடை மகேஸ்வரி அக்காவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

லீவில் வந்தபோது பழைய ஐஸ் கம்பெனியில் ஒரு சின்ன டப்பா வைத்துவிட்டு வந்தேன் அல்லவா? அது ஜியோகேச்சிங் என்று உலகம் பூராவும் ஆடும் விளையாட்டு. ஒருவர் டப்பாவை ஒளித்து, அந்த இடத்தின் ஜி.பி.எஸ். எண்ணை நெட்டில் போடுவார். மற்றவர்கள் அந்த எண்ணை வைத்துத் தேடி வந்து, உள்ளே இருக்கும் நோட்டில் பேரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு நெட்டிலும் 'கண்டுபிடித்தேன்' என்று பதிவார்கள். வெளிநாட்டில் இருப்பவள் வைத்தால், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் காட்ட வேண்டும். உங்கள் பேரைக் கொடுத்திருக்கிறேன்.

வாரம் ஒரு தடவை போய் நனையாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வடக்குச் சுவரில், மூன்றாவது இரும்பு வளையத்துக்குக் கீழே, ஆடும் செங்கல்லுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த இடம் வேறு யாருக்கும் தெரியக் கூடாது. மருமகன் ஸலாம் சொன்னார். துஆ செய்யுங்கள்.

உங்கள் மகள்
நஸீஹா

*

திருப்பாலைக்குடி
2.2.2025

மகள் நஸீஹாவுக்கும் மருமகன் பர்வேஸுக்கும் வாப்பா முஹைதீன் ஸலாம் சொல்லி, மகேஸ்வரி கையால் எழுதுவது. நான் சுகம். கால் வீக்கம் காலையில் இல்லை, சாயங்காலம் வருகிறது. பேத்திக்குச் சளி விட்டதா என்று எழுது.

டப்பா பத்திரமாக இருக்கிறது. இதுவரை மூன்று தடவை ஆள் வந்துவிட்டது. முதலில் மதுரையிலிருந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். உச்சி வெயிலில் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அந்தப் பிள்ளையின் முகம் சிவந்து போயிற்று. 'என்ன தாயி, டப்பாதான தேடுறீங்க? என் மக வச்சதுதான், இந்தாங்க' என்று நானே எடுத்துக் கொடுத்து, சஃபீர் கடையில் டீயும் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பையன் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டான். வெட்கம் போல. நம் ஊருக்குத் தேடி வந்தவர்கள் வெறும் கையோடு போனால் யாருக்கு அவமானம்?

அடுத்து வந்தவர்களையும் அலைய விடவில்லை. சுவரில் ஈரம் ஏறுகிறது என்று டப்பாவை சஃபீரின் டீக்கடை அலமாரிக்கு மாற்றிவிட்டேன். பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருபவர்களுக்கு நிழல், பெஞ்சு எல்லாம் உண்டு. கவலைப்படாதே.

வாப்பா முஹைதீன்

நஸீஹா, இது மகேஸ்வரி சொந்தமாக எழுதுவது. மாமாவுக்குக் காது கேட்காததால் உன் கடிதத்தைக் கத்தித்தான் வாசித்தேன். கடையில் ஆதார் ஜெராக்ஸுக்கு ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். மூன்றாவது வளையம், ஆடும் செங்கல் எல்லாம் ஊருக்கே தெரிந்துவிட்டது. பஸ்ஸை விட்டு யார் இறங்கினாலும், 'டப்பாவா? டீக்கடையில கேளுங்க' என்கிறார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

*

மஸ்கட்
24.2.2025

மகேஸ்வரி அக்காவுக்கு நஸீஹா எழுதுவது. நீங்களும் அத்தானும் நலமா? இந்தத் தாள் உங்களுக்கு மட்டும். வாப்பாவிடம் வாசிக்க வேண்டாம். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டப்பாவைப் பற்றி நெட்டில் வசை வந்திருக்கிறது. 'தேட விடாமல் ஒரு பெரியவர் கையில் கொடுத்துவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தது டீ குடிக்கவா?' என்று மதுரைக்காரர் எழுதியிருக்கிறார். எண் காட்டும் இடத்தில் டப்பா இல்லை என்று இன்னொருவர். மார்ச் 31க்குள் சரி செய்யாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று மேற்பார்வையாளர் எனக்கு எழுதிவிட்டார்.

எடுத்துவிடக் கூடாது அக்கா. அது ஸுஹைருக்காக வைத்த டப்பா. என் தம்பி வீட்டை விட்டுப் போன கதை உங்களுக்குத் தெரியும். பதினொரு வருஷத்துக்கு முன் வாப்பாவின் மீன்பிடி வல்லத்தில் ஜி.பி.எஸ். மாட்டியவன் அவன்தான். அதை நம்பி வலையை விட்டதால் பாறையில் கிழிந்தது என்று, கரையில் அத்தனை பேர் முன்னால் வாப்பா அவனை அடித்தார். வல்லத்தில் இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும். அன்றைக்குப் போனவன்தான். உம்மா மவுத்தாகி அடக்கம் செய்தபோதும் கொரோனாவால் விமானம் ஓடாமல் அவன் வரவில்லை. அவன் பேரை எடுத்தால் வாப்பா எழுந்து போய்விடுகிறார்.

போன வருஷம் இங்கே மலைப்பக்கம் ஒரு டப்பாவைத் திறந்தேன். நோட்டில் நம் வல்லத்தின் பதிவு எண் எழுதியிருந்தது. இந்த விளையாட்டில் அவன் வைத்திருக்கும் பேரே அதுதான். கப்பல் வேலையில் இருக்கிறான், போகிற துறைமுகத்தில் எல்லாம் தேடுகிறான். நெட் வழியாக எழுதினேன். 'வாப்பா கூப்பிட்டாரா?' என்று ஒரு வரி கேட்டான். இல்லை என்றேன். அதற்குப் பிறகு பதில் இல்லை. ஜூனில் லீவுக்குத் தூத்துக்குடியில் மாமியார் வீட்டுக்கு வருவதாக நெட்டில் அவன் பக்கத்தில் போட்டிருக்கிறான். மதுரை, தூத்துக்குடி டப்பாக்களை எல்லாம் எடுத்துவிட்டான். நான் கூப்பிட்டால் வரமாட்டான். டப்பா இருந்தால் வருவான். ஜூன் வரை அது அங்கே இருக்க வேண்டும்.

இரண்டாவது தாளை வாப்பாவுக்கு வாசியுங்கள். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பாருங்கள்.

தங்கை
நஸீஹா

*

மஸ்கட்
24.2.2025

வாப்பாவுக்கு மகளின் ஸலாம். நோன்பு வருகிறது. மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பேத்திக்குச் சளி போய்விட்டது.

நீங்கள் நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் இந்த விளையாட்டில் தேடுவதுதான் இன்பம். எடுத்துக் கொடுத்தால் அவர்களுக்கு மரியாதைக் குறைவு. தயவுசெய்து டப்பாவை இன்றைக்கே பழைய இடத்தில் வையுங்கள். தேடி வருபவரிடம் பேசக் கூடாது. கிட்டே போகக் கூடாது. நேருக்கு நேர் பார்க்கவும் கூடாது. தெரிந்தவராக இருந்தாலும் இதுதான் முறை. ஒருவர் வைத்ததை இன்னொருவர் எடுக்கவோ மாற்றவோ கூடாது. எனக்காக இதைச் செய்யுங்கள் வாப்பா.

நஸீஹா

*

திருப்பாலைக்குடி
27.3.2025

மகள் நஸீஹாவுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. பெருநாள் வாழ்த்து. இருபத்தாறு நோன்பு பிடித்தாயிற்று. சேதுராமன் தினமும் நண்டு கொண்டுவந்து கொடுக்கிறார், சமைக்கத்தான் ஆள் இல்லை.

டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டேன். வாசலுக்கு வந்தவனைப் பார்க்காதே, பேசாதே என்பது என்ன மரியாதையோ, எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சுற்றிவிட்டுப் போகிறார்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நெட்டில் பதினொரு பேர் கண்டுபிடித்ததாக இருக்கிறது என்று மகேஸ்வரி வாசித்தாள். வந்தது ஏழு பேர்தான். ஏழு பேரையும் என்னால் சட்டை நிறத்தோடு சொல்ல முடியும். சென்னைக்காரர் ஒருவர் நோன்பின் மூன்றாவது வெள்ளி மதியம் வந்ததாகப் போட்டிருக்கிறார். அன்று ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போதே சேதுராமன் அந்தச் சுவரை ஒட்டி வலை காயப்போட்டிருந்தார். சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் எடுக்கவில்லை. அந்த வலையை மிதிக்காமல் சுவரைத் தொட முடியாது. மிதித்திருந்தால் சேதுராமன் போட்ட சத்தம் எனக்கே கேட்டிருக்கும். இப்படி நாலு பேர் வராமலே வந்ததாகச் சொல்கிறார்கள். மகேஸ்வரி நோட்டை எடுத்துப் பார்த்தாள். ஏழு பேர்தான் அதிலும். இதற்கு உங்கள் விளையாட்டில் முறை இல்லையா?

இன்னொன்று. இந்தக் கணக்கில் சேராமல், நேற்று வந்து தேடிக் கிடைக்காத ஒருத்தர், தானே ஒரு சோப்பு டப்பாவில் தாளை வைத்துச் சுவரில் செருகிவிட்டு, கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார். இப்போது இரண்டு டப்பா இருக்கிறது.

வாப்பா முஹைதீன்

மகேஸ்வரி எழுதுவது: 'நஸீஹா யாருக்காக இப்படிப் பதறுறா?' என்று மாமா என்னைக் கேட்டார். மிஷின் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அவரைப் போலவே எனக்கும் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி கேட்கவில்லை.

*

மஸ்கட்
17.4.2025

வாப்பாவுக்கு ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உங்களை நினைத்துத்தான் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

நீங்கள் சொன்ன நாலு பொய்ப் பதிவையும் அழித்துவிட்டேன். சென்னைக்காரர் சண்டைக்கு வந்தார். வலை காயப்போட்டிருந்த கதையை எழுதினேன். அதோடு விட்டுவிட்டார். மேற்பார்வையாளரும் டப்பா இருக்கலாம் என்று எழுதிவிட்டார். உங்களால்தான் பிழைத்தது. அந்தச் சோப்பு டப்பாவை மட்டும் எடுத்துப் போட்டுவிடுங்கள். ஜூன் முடியும் வரை எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள் வாப்பா.

நஸீஹா

*

திருப்பாலைக்குடி
10.5.2025

மகளுக்கு வாப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். தடைக்காலம், விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை.

சோப்பு டப்பாவை எடுக்க மாட்டேன். ஒருவர் வைத்ததை இன்னொருவர் எடுக்கக் கூடாது என்று எழுதியவள் நீதான்.

ஜூன் முடியும் வரை என்று எழுதியிருக்கிறாய். ஜூனில் யார் வருகிறார்? மகேஸ்வரியைக் கேட்டால் பேனாவை உதறுகிறாள். எழுது.

வாப்பா

*

மஸ்கட்
16.6.2025

வாப்பாவுக்கு மகளின் ஸலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அக்கா போனில் நீங்கள் சுகம் என்றார். ஆனால் நாலு நாளாகக் கடைப்பக்கம் வரவில்லை, சாப்பாடும் சரியாக இல்லை என்றார். எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை.

நீங்கள் கேட்டதற்கு இத்தனை நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதினால் நீங்கள் டப்பாவை எடுத்துக் கடலில் எறிந்துவிடுவீர்களோ என்று பயம். இப்போது சொல்கிறேன். அதை நான் ஸுஹைருக்காக வைத்தேன். உங்களைப் பார்க்க அவனுக்கு ஒரு சாக்கு வேண்டும் என்று வைத்தேன். ஜூன் 12, வியாழக்கிழமை அவன் வந்திருக்கிறான். நெட்டில் 'டப்பா நல்ல நிலையில் இருக்கிறது. நன்றி' என்று மட்டும் பதிந்திருக்கிறான். நான் எழுதினால் பதில் இல்லை.

வாப்பா, அன்றைக்கு நீங்கள் பெஞ்சில் இருந்தீர்களா?

நஸீஹா

*

திருப்பாலைக்குடி
8.7.2025

மகள் நஸீஹாவுக்கு வாப்பாவின் ஸலாம். கால் வீக்கம் இப்போது இல்லை. உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. இரண்டு தடவை மகேஸ்வரி பேனாவை எடுத்தாள். இரண்டு தடவையும் நாளைக்கு என்று எழுந்து வந்துவிட்டேன்.

இருந்தேன். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஐந்தாம் நாள் அது. தடைக்காலம் முடியாததால் கரையில் ஆள் இல்லை. கச்சான் காற்று மண்ணை வாரி அடித்தது. பதினொரு மணித் தொண்டி பஸ்ஸிலிருந்து இறங்கினான். தாடி வைத்திருக்கிறான். உடம்பு போட்டிருக்கிறது. நடக்கும்போது வலது கையை ஆட்டாமல் தொடையோடு ஒட்டி வைத்துக்கொள்வது மட்டும் மாறவில்லை. ஐந்து வயதில் கை ஒடிந்து மூன்று மாதம் கட்டுப் போட்டிருந்தான், அதிலிருந்து அப்படி. பஸ் படியிலேயே தெரிந்துவிட்டது.

போனைப் பார்த்துக்கொண்டே சுவருக்கு வந்தான். முதலில் அந்தச் சோப்பு டப்பாதான் கையில் பட்டது. திறந்து பார்த்தான், மூடினான், அங்கேயே வைத்தான். அதில் பேரை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. மறுபடியும் தேடினான். இரண்டாவது வளையத்துக்குக் கீழேயே நின்று செங்கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். 'ஏலே, இன்னும் ஒரு கை தள்ளி' என்று எனக்கு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தெரிந்தவராக இருந்தாலும் பேசக் கூடாது, பார்க்கக் கூடாது என்று நீ எழுதியதை மகேஸ்வரி எனக்கு மூன்று தடவை வாசித்திருந்தாள்.

ஒருவழியாக எடுத்தான். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்தான். ஒரு பேர் எழுத அவ்வளவு நேரம் ஆகாது. டப்பாவை வைத்துவிட்டு எழுந்து என் பக்கம் திரும்பி நின்றான். இருபது அடி இருக்கும். நான் கடலைப் பார்த்தேன். அவன் நின்றான். நான் கடலையே பார்த்தேன். ஒரு மணி பஸ்ஸின் ஹாரன் என் காதுக்கே கேட்டது. திரும்பியபோது அவன் இல்லை.

நீ சொன்னபடிதான் இருந்தேன். பழியை உன் மேல் போடலாம், இத்தனை நாளும் மனதுக்குள் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். இப்போது உள்ளதை எழுதச் சொல்கிறேன். நீ அப்படி எழுதாமல் இருந்திருந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். எழுந்து என்ன பேசுவது?

அன்றைக்கு வல்லத்தில், 'வாப்பா, இங்கன பாறை காட்டுது, வலைய விடாதீங்க' என்று அவன் இரண்டு தடவை சொன்னான். நான்தான் விட்டேன். கரைக்கு வந்ததும் என்னாச்சு, என்னாச்சு என்று கூடிவிட்டார்கள். 'இவன் மிஷின் கெடுத்துருச்சு' என்று சொல்லிவிட்டேன். அவன் மறுத்துப் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குத்தான் அடித்தேன். அவன் உம்மாவுக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை. எழுதும்போது மகேஸ்வரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு தடவை கண்டுபிடித்தவன் அதே டப்பாவுக்குத் திரும்ப வருவானா? உங்கள் விளையாட்டில் அதற்கு என்ன முறை?

வாப்பா

*

மஸ்கட்
24.7.2025

வாப்பாவுக்கு மகளின் ஸலாம். உங்கள் கடிதத்தை உங்கள் மருமகனிடம்கூடக் காட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுவதாக அக்கா சொன்னார். எனக்கு அது போதும்.

ஸுஹைரிடமிருந்து கடைசியில் ஒரு வரி வந்தது. 'வாப்பா என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி கேட்காதே.' பார்க்காதீர்கள் என்று சொன்னது நான்தான் என்று எழுதினேன். நம்பினானோ என்னவோ. பாறை விஷயத்தை நான் எழுதவில்லை. அது என் வாயால் போகக் கூடாது.

ஒரு தடவை எடுத்தவர் அதே டப்பாவுக்குத் திரும்ப வரமாட்டார். அவருக்கு அது கணக்கில் முடிந்துபோனது. வேறு புது டப்பா வைத்தால் வரலாம். அதற்கு முறை இருக்கிறது. பழைய டப்பாவிலிருந்து நூற்று அறுபத்தோரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். யாருடைய வீடு, நிலமாக இருந்தாலும் அந்த உடைமைக்காரர் சம்மதம் வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆனால் வாப்பா, ஆகஸ்ட் கடைசியில் அவன் கப்பலுக்குத் திரும்பிவிடுவான்.

நஸீஹா

*

திருப்பாலைக்குடி
9.8.2025

மகள் நஸீஹாவுக்கும் மருமகனுக்கும் வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். பேத்தி புதுக் கிளாஸில் எப்படிப் படிக்கிறாள் என்று எழுது.

ஐஸ் கம்பெனிச் சுவரிலிருந்து நம் வீடு வரைக்கும் அளந்தாயிற்று. மகேஸ்வரியின் போன் இருநூற்று நாலு மீட்டர் என்றது. எனக்கு நம்பிக்கை வராமல் சேதுராமனின் வலைக் கயிற்றைப் பிடித்தும் அளந்தோம். 'ரோட்டுல என்ன மாமா, வீடு விக்கிறியளா?' என்று சஃபீர் கேட்டான். இல்லை, விளையாடுகிறோம் என்றேன். கயிற்றுக்கும் போனுக்கும் இரண்டு மீட்டர்தான் வித்தியாசம். போனையே எழுதிக்கொள்.

வாசல் சுவரில் ஓட்டை போட்டு வைக்கலாம் என்றாள் மகேஸ்வரி. வேண்டாம் என்றேன். வெளியே வைத்தால் வெளியே நின்றே எடுத்துக்கொண்டு போய்விடுவான். கூடத்து அலமாரியில், அவன் உம்மாவின் தஸ்பீஹ் மாலை இருக்கும் தட்டில் வைத்திருக்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் பாறை விஷயத்தை மகேஸ்வரி எழுதிவிட்டாள். வேறு யாராவது முதலில் வந்து எடுத்தால் வாசித்துவிட்டுப் போகட்டும். அன்றைக்குக் கரையில் அத்தனை பேர் முன்னால்தானே அடித்தேன்.

வீட்டுக்குள் தேடி வருபவரிடம் பேசுவதற்கு என்ன முறை என்று நீ எழுதவில்லை. உன் பதில் வந்து சேர்வதற்குள் அவன் லீவு முடிந்துவிடும். அதனால் கேட்காமல் பேசிவிடுவேன்.

இந்தக் கடிதம் மெதுவாக வரட்டும். சம்மதத் தாளில் கைநாட்டு வைத்துவிட்டேன். அதை மட்டும் மகேஸ்வரி படம் எடுத்து இப்போதே போனில் அனுப்புகிறாள். நீயும் இன்றைக்கே நெட்டில் போட்டுவிடு. எந்த நேரத்தில் வரலாம் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். 'காலையில பத்துலேருந்து அஞ்சுன்னு போடவா மாமா?' என்று கேட்கிறாள். என்ன இது, ஆபீஸா?

எந்த நேரமும் என்று போடச் சொல்லியிருக்கிறேன்.

வாப்பா
முஹைதீன்